முதல் தடம்

ஆர்மோனியம் வாசிக்கிறவருக்கு ஒரு கைதான் சொந்தம். இன்னொரு கை துருத்திக்குப் போய்விடும். டிஜிட்டல் பியானோவில் ஒரே ஆள் ஒன்றின் மேல் ஒன்றாக வாசித்துப் பதிவு செய்வதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம், கம்பம் பள்ளத்தாக்கின் பாட்டு அந்த ஒரு கையைச் சுற்றித்தான் வளர்ந்தது என்பது என் நினைவுக்கு முதலில் வருகிறது. கூடலூரில் பஜனை என்றாலும் கட்சிக் கூட்டம் என்றாலும் கோயில் திருவிழா என்றாலும் நடுவில் ஓர் ஆர்மோனியப் பெட்டி இருக்கும். பாடுகிறவருக்கு எத்தனை கட்டை சுருதி என்று கேட்டுக்கொண்டு பெட்டிக்காரர் ஆரம்பிப்பார். வலக்கை மெட்டின் பின்னாலேயே போகும், இடக்கை காற்றடிக்கும். தாளத்துக்குத் தனியாக ஆள். மெட்டுக்கு அடியில் கனமாக நகரும் பேஸ், மெட்டுக்கு எதிர்த்திசையில் ஓடும் இன்னொரு மெட்டு, இதெல்லாம் அந்த ஏற்பாட்டில் வர வழியே இல்லை. ஸ்பெஷல் நாடகம் என்ற மேடை நாடகத்துக்காரர்களின் கால்பெட்டியில் துருத்தி காலுக்குப் போய்விடுவதால் இரண்டு கையும் கிடைக்கும். ஆனால் அங்கேயும் அந்த இரண்டாவது கை பெரும்பாலும் அதே மெட்டை இன்னொரு ஸ்தாயியில் சேர்த்துப் பிடித்து, மேடையின் கடைசி வரிசை வரை ஓசையைக் கொண்டுபோகத்தான் உதவியது. கை இருந்தது, அந்தக் கைக்குத் தனி வேலை கொடுக்கும் வழக்கம் இல்லை.

இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து போன ஒருவர்தான் தமிழ்க் காதுக்கு அந்த இரண்டாவது கையைப் பழக்கினார். கூடலூரிலிருந்து கம்பம், உத்தமபாளையம், கோம்பை என்று போனால் பண்ணைப்புரம். அந்த ஊர்க்காரரான பாவலர் வரதராசன் பொதுவுடைமை இயக்க மேடைகளில் பாடித் திரிந்தவர். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸுக்காகத் தோட்டத் தொழிலாளர்களிடையே அவர் பாடிய பாட்டுகளைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். 1943இல் பிறந்த தம்பி ராசையா, பதின்பருவத்திலேயே அண்ணனின் குழுவில் சேர்ந்து பெட்டியோடு ஊர் ஊராகப் போனார். பிறகு சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையையும் பியானோவையும் கற்றுக்கொண்டதும், 1976இல் ‘அன்னக்கிளி’ மூலம் இளையராஜாவாக வெளிப்பட்டதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தக் கதையைச் சொல்பவர்கள் கிராமத்து மெட்டு, மண் மணம் என்று ஒரு பக்கத்தையே அழுத்திச் சொல்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு பக்கம். பெட்டிக்கு ஒரு கையைப் பறிகொடுத்த ஊரில் வளர்ந்தவர், இடக்கை ஒன்றும் வலக்கை வேறொன்றும் சொல்லக்கூடிய ஒரு வாத்தியத்தின் முன் உட்கார்ந்தார். அதன் பிறகு அவர் எழுதிய பாட்டுகளில் மெட்டு தனியாக நடந்ததே இல்லை.

எண்பதுகளில் இந்தப் பக்கம் வளர்ந்தவர்கள் இளையராஜா பாட்டின் அடுக்குகளைப் பிரித்துக் கேட்கக் கற்றுக்கொண்டது எந்தப் பள்ளியிலும் இல்லை, ஒரு ஸ்பீக்கர் கெட்டுப்போன பேருந்துகளில்தான். அவருடைய ‘ப்ரியா’ (1978) ஸ்டீரியோவில் பதிவாகி வந்தது. அதற்குப் பின் வந்த கேசட்டுகளில் இடம், வலம் என்று வாத்தியங்கள் பிரிந்து உட்கார்ந்தன. குமுளிக்கும் தேனிக்கும் ஓடிய வண்டிகளில், டீக்கடை டேப் ரிக்கார்டர்களில், இரண்டு ஸ்பீக்கரும் ஒழுங்காக வேலை செய்தது அபூர்வம். வலது பக்கம் செத்துப்போயிருந்தால் பல்லவியில் பாடகரின் குரல் மங்கி, கிடாரும் வயலின் கூட்டமும் முன்னால் வந்து நிற்கும். அதே பாட்டை இன்னொரு கடையில் கேட்டால் வயலின்கள் காணாமல் போய்ப் புல்லாங்குழல் மட்டும் இருக்கும். ஒரு பாட்டு என்பது பல தனித்தனிப் பேச்சுகள், அவற்றில் ஒன்றை எடுத்துவிட்டாலும் மீதி நிற்கும் என்பது அப்படித்தான் காதில் ஏறியது. ‘சிட்டுக்குருவி’ (1978) படத்தில் எஸ்.பி. பாலசுப்பிரமணியமும் பி. சுசீலாவும் பாடிய ஒரு பாட்டில், ஒரே பாடகரின் குரல் தன் குரலையே குறுக்கிட்டுப் பேசும். ஒரு மனிதர் ஒரே நேரத்தில் இரண்டு வரியைப் பாட முடியாது. முதலில் ஒன்றைப் பாடிப் பதிந்து, அதைக் கேட்டுக்கொண்டே அடுத்ததைப் பாடினால்தான் அது வரும். அந்த நுட்பத்தின் பெயர் இங்கே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. பாட்டு வந்தால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டோம்.

ஒரு பெரிய ஸ்டுடியோவும் ஒலிப்பதிவாளரும் வேண்டியிருந்த அந்தக் காரியம் இன்று கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்த ஒரு டிஜிட்டல் பியானோவுக்குள் அடங்கிவிட்டது. எண்பத்தெட்டுக் கட்டை உள்ள சாதாரண மாடல்கள் பலவற்றிலேயே இடக்கைக்கு ஒரு தடம், வலக்கைக்கு ஒரு தடம் என்று இரண்டு உண்டு. விலை கூடக்கூடப் பதினாறு தடம் வரை போகும். ஒன்றைப் பதிந்துவிட்டு, அதை ஓடவிட்டு, அதன் மேல் அடுத்ததை வாசிக்கலாம். இது ஒலியைப் பதியும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான கருவிகளில் உள்ளே பதிவாவது ஓசையே இல்லை. எந்தக் கட்டை, எந்த நொடியில், எவ்வளவு வேகத்தில் அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது, காலடியில் பெடல் எப்போது இறங்கியது என்ற குறிப்புகள் மட்டும்தான். 1983இல் வாத்தியக் கம்பெனிகள் ஒன்றுகூடி ஒப்புக்கொண்ட மிடி என்ற முறை அது. அழுத்திய வேகத்தை 1 முதல் 127 வரை ஓர் எண்ணாகக் குறித்துக்கொள்ளும். திரும்ப ஓடவிடும்போது கருவி அந்தக் குறிப்பைப் படித்துத் தானே மறுபடி வாசிக்கிறது. ஆகையால் ஒரு தடத்தை அழித்தால் மற்றொன்றுக்கு ஒரு கீறலும் விழாது. சிறிய விஷயம் போலத் தெரியும் இதை நான் பின்னால் ஒரு வாதத்துக்குப் பயன்படுத்தப் போகிறேன்.

என் கட்சி இதுதான்: அடுக்கிப் பதியும் இசையின் நன்மை தீமை எல்லாம் முதல் தடத்தில் தீர்மானமாகிவிடுகிறது. மேலே என்ன வரும் என்பதற்கு அங்கே இடம் விட்டிருந்தால் இசை வரும்; விடாவிட்டால் சத்தம் வரும். புதிதாக இதில் இறங்குகிறவர்கள் எல்லோரும் செய்கிற பிழை ஒன்றுதான். முதல் தடத்தையே முழுப் பாட்டாக வாசித்துவிடுகிறார்கள். இரண்டு கையும் நிறைய, பெடலை விடாமல், இடைவெளி வந்த இடத்திலெல்லாம் ஓர் அலங்காரம் போட்டு, தனியாகக் கேட்டால் குறைசொல்ல முடியாதபடி. அதன் மேல் இரண்டாவதை வாசித்தால் அதற்கு உட்கார இடமில்லை. இரண்டும் நடு ஸ்தாயியில் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. இரண்டு தடத்திலும் பெடல் இறங்கியிருந்தால் ஒன்றில் மாறிய சுரம் மற்றதில் பழைய சுரத்தோடு மோதிக் கலங்குகிறது. கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. பல கருவிகளில் ஒரே நேரத்தில் 64 அல்லது 128 ஓசைகள்தான் ஒலிக்க முடியும் என்று வைத்திருப்பார்கள். பெடலோடு மூன்று நான்கு தடம் ஏறினால், அந்த எண்ணிக்கையைத் தாண்டியதும் பழைய ஓசைகளைக் கருவியே சத்தமில்லாமல் வெட்டிவிடும். வாசித்தவர் கருவியைத் திட்டுவார். இங்கே திராட்சைப் பந்தல் போடுகிறவர்களுக்குத் தெரியும்: கம்பி வலையை இழுத்துக் கட்டுவதோடு வேலை முடிவதில்லை, கொடி படர்ந்த பின் கவாத்து செய்து வெளிச்சம் இறங்க வழி விட்டால்தான் கொத்து பிடிக்கும். முதல் தடத்தில் செய்ய வேண்டியதும் அந்தக் கவாத்துதான். தனியாகக் கேட்டால் என்னமோ குறைகிறதே என்று தோன்ற வேண்டும். அந்தக் குறையை மேலே வருவது நிரப்பிக்கொள்ளும்.

உலகத்தில் இதை ஆரம்ப காலத்தில் செய்தவர்களின் பதிவுகளைக் கேட்டாலும் இந்த வேறுபாடு புலப்படுகிறது. 1941இல் சிட்னி பெஷே கிளாரினெட், இரண்டு வகை சாக்ஸபோன், பியானோ, பேஸ், டிரம் என்று ஆறு வாத்தியத்தையும் தானே வாசித்து ஒரு தட்டில் சேர்த்தார். 1948இல் லெஸ் பால் எட்டு கிடார் பகுதிகளை அப்படி அடுக்கினார். அப்போது காந்த நாடாவில் தனித்தனித் தடம் கிடையாது; ஒரு தட்டை ஓடவிட்டு, அதனோடு வாசித்து, இரண்டையும் சேர்த்து அடுத்த தட்டில் வெட்ட வேண்டும். நடுவில் ஒரு கை தவறினால் முதலிலிருந்து. சாதனை என்ற முறையில் இரண்டுமே வியப்பு. பியானோவுக்கு வந்தால் 1963இல் பில் எவன்ஸ் தன்னோடு தானே மூன்று பியானோ வாசித்த ‘கான்வர்சேஷன்ஸ் வித் மைசெல்ஃப்’ தொகுப்புதான் என் வாதத்துக்குச் சரியான சாட்சி. கிளென் கூல்டின் ஸ்டைன்வே பியானோவில் பதிவான அது கிராமி விருதும் பெற்றது. அதில் எனக்கு உவப்பான இடங்களில் எல்லாம் ஒரு பியானோ ஒதுங்கி நிற்கிறது. மூன்றும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிக்கும் இடங்களில், வாசிப்பவர் எவ்வளவு பெரிய மேதையானாலும் கேட்பவருக்கு மூச்சு முட்டுகிறது. மேதைக்கே அப்படி என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

இதற்கு வரும் முதல் எதிர்ப்பு, இது பொய் வாசிப்பு என்பது. மேடையில் ஒருவர் உட்கார்ந்து வாசிக்க முடியாததை வாசித்தது போலக் காட்டுவது ஏமாற்று என்கிறார்கள். லென்னி டிரிஸ்டானோ 1955இல் பதிந்த பியானோ அடுக்குகளையும், நாடாவின் வேகத்தை மாற்றி அவர் செய்ததையும் கேட்டு அமெரிக்க விமர்சகர்கள் அன்றே இதைத்தான் சொன்னார்கள். சினிமாப் பாட்டைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த எதிர்ப்பு கொஞ்சம் விநோதமாகவே இருக்க வேண்டும். திரையில் வாயசைப்பவர் பாடவில்லை. பாடியவர் பல சமயம் வாத்தியக்காரர்களோடு ஒரே அறையில் இருக்கவும் இல்லை. அதை யாரும் பொய் என்று சொல்லி எழுந்து போகவில்லை. பதிவு என்பது தனக்கென ஒரு வடிவம். மேடைக் கச்சேரியின் நகலாக அது இருந்தாக வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. விசைப்பலகைக்கு இந்த மாதிரி வசவு புதிதும் அல்ல. கமகம் பிடிக்க வராத அந்நிய வாத்தியம் என்று சொல்லி ஆல் இந்தியா ரேடியோ 1940இல் ஆர்மோனியத்தை ஒதுக்கி வைத்தது. 1971 வரை அந்தத் தடை நீடித்தது. அந்த முப்பது வருடமும் நம் ஊர்ப் பெட்டிகள் ரேடியோவின் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை.

இரண்டாவது எதிர்ப்பு இதைவிட எவ்வளவோ பலமானது. அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. சேர்ந்து வாசிப்பதன் உயிர் கொடுக்கல் வாங்கலில் இருக்கிறது. அடுக்கிப் பதியும்போது இரண்டாவது தடம் முதலாவதைக் கேட்கிறது. முதலாவது இரண்டாவதைக் கேட்க முடியாது. அது ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. ஸ்பெஷல் நாடகத்தை நினைத்துப் பார்த்தால் இந்தக் குறை எத்தனை பெரிது என்று விளங்கும். அங்கே நிலையான குழு கிடையாது. வள்ளி ஓர் ஊரிலிருந்து வருவார், முருகன் இன்னோர் ஊரிலிருந்து. ஒத்திகை என்ற பேச்சே இல்லை. ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர், ஓசை எழுப்பும் ஆல்ரவுண்டு எல்லோரும் அந்த இரவில்தான் ஒன்றுசேர்வார்கள். நடிகர் ஒரு வரியை இழுத்தால் பெட்டி இழுபடும். குரல் இறங்கினால் பெட்டி அடங்கும். வசனத்துக்கு நடுவில் ஒரு பாட்டு முளைத்தால் அடுத்த மூச்சுக்குள் சுருதி பிடித்திருக்கும். சங்கரதாஸ் சுவாமிகளின் காலத்திலிருந்து மதுரைச் சீமை முழுவதும் இரவு இரவாக நடந்த இந்தக் கலைக்கு முன்னால், பதிந்த தடம் செவிட்டுத்தனமாகத்தான் தெரியும்.

ஆனாலும் இந்த எதிர்ப்புக்குப் பதில் உண்டு. ஒன்று, இசையை எழுதுகிறவர் விஷயத்தில் முதல் தடம் குருடாகப் போவதில்லை. இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்குமான குறிப்பையும் ஓசை எழும் முன்பே தாளில் எழுதி முடித்துவிடுகிறவர். எதை முதலில் பதிந்தாலும் அதற்குப் பின்னால் வருவது அவர் மனத்தில் ஏற்கெனவே கேட்டுவிட்டது. அப்படித் தாளில் எழுதத் தெரியாத சாதாரண வாசிப்பாளருக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஒரு தடத்தை அழித்தால் மற்றது அப்படியே நிற்கும் என்று மேலே சொன்னேன். லெஸ் பாலுக்கு இல்லாத வசதி அது. இடக்கையைப் பதிந்து, அதன் மேல் வலக்கையைப் பதிந்த பிறகு, இடக்கையை அழித்துவிட்டு வலக்கையைக் கேட்டபடி அதைப் புதிதாக வாசிக்கலாம். செய்து பார்க்கிறவர்கள் அநேகமாக எல்லோருக்கும் ஒரே அனுபவம்தான்: இரண்டாம் முறை வாசிக்கும் இடக்கை பாதியாகக் குறைந்துவிடுகிறது. மெட்டு நீண்டு நிற்கும் இடத்தில் அது நகர்கிறது. மெட்டு ஓடும் இடத்தில் அது நிற்கிறது. பிறகு அந்தப் புதிய இடக்கையைக் கேட்டு வலக்கையை மாற்றலாம். கொடுக்கல் வாங்கல் நின்றுபோய்விடவில்லை. மெதுவாக, ஒருவர் மாற்றி ஒருவராக நடக்கிறது. மேடையில் ஒரு நொடியில் நடப்பதற்கு இங்கே ஒரு மாலைப் பொழுது ஆகிறது என்பது உண்மை. என்றாலும் முதல் தடத்தை அழிக்கத் துணிந்தவருக்குத்தான் இது கிடைக்கும். பிழையில்லாமல் வாசித்துவிட்டோமே என்று அதைக் கட்டிக்கொண்டு அழுகிறவருக்கு எதிர்ப்பாளர்கள் சொன்னது அத்தனையும் பொருந்தும்.

தாளக்கட்டைப் பற்றிய புகாரைச் சுருக்கமாகச் சொல்லலாம். அடுக்கிப் பதிய வேண்டுமானால் டிக் டிக் என்று எண்ணும் மெட்ரோனோம் வேண்டும், அதில் பாவம் செத்துவிடும் என்கிறார்கள். ஆலாபனை போலத் தாளமற்று நீளும் எதற்கும் இது சரியான குற்றச்சாட்டு. அப்படிப்பட்டதை அடுக்காமல் விடுவதே நல்லது. மற்றபடி மெட்ரோனோமை நிறுத்திவிட்டு முதல் தடத்தை ஒருவர் தன் மூச்சுக்கே வாசித்து, அடுத்ததை அதன் போக்கிலேயே பின்தொடரலாம். கஷ்டம்தான்; தன் இழுப்பும் தயக்கமும் தனக்கே பிடிபடாத விஷயம். பக்கவாத்தியக்காரர்கள் வாழ்நாள் முழுவதும் மற்றவரிடம் செய்துவந்ததை நாம் நம்மிடம் செய்துபார்க்கிறோம். தவறிய சுரத்தைக் கணினியில் நகர்த்திச் சரிசெய்துகொள்ளும் பழக்கத்தை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன். 127 படிகளில் அளந்து வைத்த தொடுதல்களை எல்லாம் ஒரே அளவாக நிரவிவிட்டால், பிறகு அதை வாசித்தது யார் என்று சொல்ல ஒன்றுமே மிஞ்சாது.

கடைசியாக, பிழைப்பைப் பற்றிய எதிர்ப்பு. இது இசைக்கு வெளியே இருந்து வருவதால் சிலர் இதைக் கேட்பதே இல்லை. நான் இதைத்தான் அதிகம் மதிக்கிறேன். வீரபாண்டி சித்திரைத் திருவிழா மேடைகளில் மெல்லிசைக் குழு என்றால் டிரம்பெட், வயலின், புல்லாங்குழல், தபேலா, பாங்கோ என்று மேடை நிறைய ஆள் உட்கார்ந்திருந்த காலத்தை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்கவில்லை. பிறகு ஒரு கீபோர்டு வயலின்களை விழுங்கியது, ரிதம் பேட் தோல் வாத்தியங்களை விழுங்கியது, இப்போது பென்டிரைவில் இருக்கும், குரல் மட்டும் நீக்கிய மைனஸ் ட்ராக் கீபோர்டையே விழுங்கிக்கொண்டிருக்கிறது. 1992இல் ‘ரோஜா’ வந்தபோது, ஏ.ஆர். ரஹ்மான் வீட்டை ஒட்டிய தன் ஸ்டுடியோவில் நிதானமாக அடுக்கி எழுப்பிய ஓசையைக் கேட்டு நாடே வியந்தது. இளையராஜாவிடம் கீபோர்டு வாசித்தவர்தான் அவரும். பெரிய அறையில் நாற்பது ஐம்பது பேர் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்கும் வழக்கம் அதன் பிறகு சுருங்கியது. வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டு தடம் பதிகிறவர் யாருடைய சம்பளத்தையும் பறிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் தானே வாசித்துப் பழகியவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்காருவது இடைஞ்சலாகத் தோன்ற ஆரம்பிக்கிறது. குழுக்கள் கலைந்ததில் செலவுக் கணக்கோடு இந்த மனநிலைக்கும் பங்கு உண்டு. 

இந்த எதிர்ப்புக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. பாதிப் பதில் இருக்கிறது. பதிந்த இரண்டு தடத்தில் வலக்கையை மட்டும் மௌனமாக்கும் பொத்தான் பெரும்பாலான கருவிகளில் உண்டு. அதை அழுத்திவிட்டு, இடக்கையை மட்டும் ஓடவிட்டு, பாடத் தெரிந்த ஒருவரையோ புல்லாங்குழல் வாசிக்கிற ஒருவரையோ அதன் மேல் சேர்ந்துகொள்ளச் சொல்லலாம். அவர் எங்கே நுழைவது என்று தடுமாறினால் முதல் தடத்தில் இடம் விடவில்லை என்று அர்த்தம். தயங்காமல் நுழைந்து, நாம் வலக்கையில் வைத்திருந்ததற்குச் சம்பந்தமில்லாத வேறொன்றை வாசித்துவிட்டார் என்றால், அந்த இடக்கையை அழிக்காமல் வைத்துக்கொள்ளலாம்; நம்முடைய வலக்கையை அழித்துவிடலாம்.